செவலைக்கு அனுமதி

ஜூலை 6, 2025, ஞாயிறு
அம்மாவைச் சேர்த்தாயிற்று. வண்டலூர் தாண்டி உள்ளே தள்ளி ஓர் இல்லம். கட்டில் ஜன்னலோரம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தேன். இப்போதே எழுதி வைக்காவிட்டால் பின்னால் எனக்கு வசதியான மாதிரி மாற்றிச் சொல்லிக்கொள்வேன். அதற்குத்தான் இந்த நோட்டு.

ஜூலை 9
அண்ணன் மெல்போர்னிலிருந்து கூப்பிட்டான். “நல்ல முடிவுதான்.” யாருக்கு என்று கேட்கவில்லை.

ஜூலை 19, சனி
அம்மா என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்பெலும்பு உடைந்தது அவளுக்கு நினைவில்லை. “வாங்க, இருங்க. காப்பி குடிக்கியளா?” என்றாள். ஊரில் மணியக்காரர் வீட்டு ஆட்கள் வந்தால் இப்படித்தான் கேட்பாள். நானும் குடிக்கிறேன் என்றேன். காப்பி வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

அங்கே ஒரு கல்லூரிப் பெண் லாப்ரடார் ஒன்றோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சக்கர நாற்காலிகள். சத்தமே இல்லை. ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மடங்காத விரல்கள், முடிச்சு வழிக்கு வர ரொம்ப நேரம் ஆனது. யாரும் உதவவில்லை, அந்தப் பெண்ணும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே காலை டீயோடு கொடுத்த மாரி பிஸ்கட், பாதி பொடியாகி. நாய் பொடியையும் நக்கிவிட்டது. எல்லாவற்றையும் அடுத்தவர் கையால் வாங்கிக்கொள்கிற இடத்தில் ஒருத்தி தன் கையால் கொடுக்கிறாள்.

அந்தப் பெண் படிக்க வெளிநாடு போகிறாளாம். மேனேஜர் என்னைப் பார்த்து, “உங்க வீட்ல நாய் இருக்குன்னீங்களே மேடம்?” என்றார். அது தெருநாய் சார், குரோம்பேட்டை மேம்பாலத்துக்கடியில் கிடைத்தது என்றேன். “வீட்டுக்குள்ள வந்துட்டா வீட்டு நாய்தானே.”

செவலை என்று பெயர் வைத்தது இவர். நிறம் அப்படி. அம்மா எங்களோடு இருந்த வருஷமெல்லாம் அதைத் தொட்டதில்லை. பட்டினி போட்டதுமில்லை. நாய் நடை தாண்டினால் ஒட்டடைக் குச்சியோடு வருவாள்.

ஜூலை 26
கால்நடை மருத்துவரிடம் போனோம். வெறிநாய்த் தடுப்பூசி போன மாதம்தான் போட்டது. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து இருக்கிறதா என்று புத்தகத்தைப் புரட்டினார். குடற்புழு மருந்து கொடுத்தார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. செவலைக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைத் தடாலென்று போட்டார். திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். காதை இழுத்தார், வாலைப் பிடித்தார், பாதத்தை விரல் விரலாக அமுக்கினார். ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டு நொண்டி நொண்டி எதிரே வந்தார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்ட கழுதை, எடை பார்க்கும் மேடையில் ஏற மட்டும் மாட்டேன் என்றது.

நகத்தை வெட்டினால் போதாது, ராவ வேண்டும் என்றார். வயதானவர்கள் தோல் காகிதம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாய் ஆசையாகக் காலைத் தூக்கி வைத்தாலே கன்றிப்போகும்.

ஆகஸ்ட் 2, சனி
முதல் நாள். கல்லூரிப் பெண் கூடவே வந்தாள், சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பின்பக்கமாகக் கட்டிலை நெருங்காதீங்க, அவங்க கண்ணுக்கு நாய் முதல்லயே தெரியணும். புண்ணோ டியூபோ இருந்தால் தள்ளி நில்லுங்க. ஒவ்வொருத்தரும் கை கழுவணும், முன்னாலயும் பின்னாலயும். நாய் கொட்டாவி விட்டாலோ உதட்டை நக்கினாலோ முகத்தைத் திருப்பினாலோ அதுக்குத் தூக்கம்னு நினைக்காதீங்க ஆன்ட்டி, ‘போதும்’னு சொல்லுது.

கை நடுங்கும் தாத்தா ஒருவர். ரயில்வேயில் இருந்தவர். பிசியோதெரபிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவராம். சீப்பைக் கொடுத்தோம். செவலையின் முதுகை வாரினார், நடுக்கத்தோடேயே. செவலைக்கு அந்த நடுக்கம் பிடித்திருந்தது. சொறிந்துவிடுகிறார் என்று நினைத்ததோ என்னவோ, முதுகை இன்னும் நீட்டிக் கொடுத்தது.

கடைசியில் அம்மா அறை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள்.

“ஏ மூதி! நாய நடுவீட்டுக்குள்ள விட்டுட்டு என்னத்தட்டி பாத்துக்கிட்டு நிக்க? வெரட்டு! சீ, அங்குட்டுப் போ!”

தலையணையை எறியப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில் பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆயாம்மா ஓடிவந்தார்: “அக்கா, இந்தம்மா சத்தம் போட்டு இன்னைக்குத்தான் கேக்குறேன்.” கல்லூரிப் பெண் மெதுவாக என் கையைப் பிடித்து, சிலருக்குப் பிடிக்காது ஆன்ட்டி, அடுத்த வாரம் இந்த அறையை விட்டுடலாம் என்றாள். இன்னொரு தடவை பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 3
நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 12
டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று நேற்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப்பில் பட்டாசு வெடிக்காத குறை. மூன்றாவது மாடிக்காரர் லிஃப்டில் செவலையைப் பார்த்து, “இதுக்கு லைசென்ஸ் இருக்கா?” என்றார். இருக்கிறது. மாநகராட்சி உரிமம், புகைப்படத்தோடு. கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் பேரனை நாய் கடித்து, ஊசி போட அலைந்தது எனக்குத் தெரியும். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 24
மூன்று நீதிபதிகள் வெள்ளியன்று உத்தரவைத் திருத்தினார்கள். கருத்தடை செய்து ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறி பிடித்ததையும் கடிப்பதையும் விடக் கூடாது. செவலைக்கு இதெல்லாம் தெரியாது. நேற்று இல்லத்தில் ஒரு பாட்டி மடியில் தலையை வைத்துக்கொண்டு எடுக்கவே மாட்டேன் என்றது.

இந்த நாய் வைத்தியத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859லேயே செவிலியர் புத்தகத்தில், நெடுநாள் நோயாளிக்குச் சின்னப் பிராணி நல்ல துணை என்று எழுதியிருக்கிறார். அந்த அம்மாளே ஓர் ஆந்தைக் குஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர். யாரோடும் பேசாத பையன் ஒருவனை நேரத்துக்கு முன்னாலேயே கூட்டிவந்துவிட்டார்கள், அறையில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது, பையன் நாயோடு ஒட்டிக்கொண்டான். 1961இல் உளவியல் மாநாட்டில் அவர் இதைச் சொன்னபோது கேலி செய்தார்கள். இப்போது யாரும் கேலி செய்வதில்லை. தடவிக்கொடுத்தால் மனம் இளகும், பேச்சு வரும் என்று கட்டுரை கட்டுரையாக இருக்கிறது. எல்லாம் தடவுகிறவர்களைப் பற்றித்தான்.

செப்டம்பர் 6
“மூதி” இன்றைக்கும். கூடவே, “ஒங்கய்யா வரட்டும், சொல்லுதேன்.”

செப்டம்பர் 13
ரயில்வே தாத்தா புதன்கிழமை போய்விட்டார். அவர் கட்டிலில் புது விரிப்பு. செவலை அங்கே போய் நின்று மோந்தது, பின் வழக்கம்போல் அடுத்த கட்டிலுக்குப் போயிற்று. சீப்பை ஆயாம்மா பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அதில் செவலையின் முடி.

இரவு ஆஸ்கர் என்ற பூனையைப் பற்றிப் படித்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் ஒரு முதியோர் காப்பகத்தில் வளர்ந்தது. யார் பக்கத்தில் போய்ச் சுருண்டு படுக்கிறதோ அவர் சில மணி நேரத்தில் இறந்துவிடுவாராம். டேவிட் டோசா என்ற மருத்துவர் 2007இல் பெரிய மருத்துவ இதழிலேயே எழுதினார். குடும்பத்தாரை முன்கூட்டியே வரவழைக்க உதவியதாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. செவலை இன்று எந்தக் கட்டிலில் அதிக நேரம் நின்றது என்று கணக்குப் போட்டுக்கொண்டே படுத்திருந்தேன். ஜோசியம் பார்க்கும் கிளி ஆக்கிவிட்டேன் அதை.

செப்டம்பர் 20, சனி
அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். செவலையை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் நகர்த்தினேன். அம்மா கை அசையவில்லை. பட்டையைப் பிடித்து இன்னும் கிட்டே. செவலை கொட்டாவி விட்டது. வெளியே வந்துவிட்டோம். வழியெல்லாம் ஆட்டோவில் அதைத் திட்டிக்கொண்டே வந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 11
“அதுக்குச் சோறு வச்சியாட்டி?” என்றாள் அம்மா. வைத்தேன் என்றேன். “என்ன சோறு?” தயிர்ச் சோறு. “அதான் இப்படி வத்திப் போயி நிக்கி.” பிறகு குச்சி எங்கே என்று தேடினாள்.

பிஸ்கட் பாட்டிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறதாம், பிஸ்கட்டை நிறுத்திவிட்டார்கள். இன்று முடிச்சில் பொட்டுக்கடலை.

அக்டோபர் 20, தீபாவளி
செவலை கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது. சாப்பிடவில்லை. மின்விசிறியையும் டிவியையும் சத்தமாக வைத்திருக்கிறேன்.

நவம்பர் 8, சனி
கிளம்பும்போது மேனேஜர் போன். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் எங்கும் தெருநாய் இருக்கக் கூடாது என்று நேற்று உச்ச நீதிமன்ற உத்தரவு. கமிட்டி உறுப்பினர் ஒருவர் கேட்டாராம், நம்ம இடத்தில் ஏன் நாய் என்று. வளர்ப்பு நாய்க்கும் அந்த உத்தரவுக்கும் சம்பந்தமில்லை சார், படித்துப் பாருங்கள் என்றேன். “எனக்குத் தெரியும் மேடம். பாக்கறதுக்கு நாட்டு நாயா இருக்கே, அதான்.” லாப்ரடாராக இருந்தால்? “நான் என்ன சொல்றது மேடம்.” நேற்று குளிப்பாட்டி, நகம் ராவி, எல்லாம் தயாராக நிற்கிறது. வாசலில் செருப்பைப் பார்த்து வாலாட்டுகிறது.

நவம்பர் 10
அண்ணனிடம் சொன்னேன். உடனே ஒரு காணொளி அனுப்பினான். பாரோ, ஜப்பான்காரர்கள் செய்த இயந்திர சீல் குட்டி. வெள்ளை ரோமம், தடவினால் கண்ணை மூடித் திறக்கிறது, குரல் கொடுக்கிறது. நாயோ பூனையோ செய்தால் ஜனங்கள் நிஜத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்வார்கள், சீலை யார் வளர்த்திருக்கிறார்கள் என்று யோசித்துச் செய்தார்களாம். கெட்டிக்காரர்கள். “கடிக்காது, ஊசி வேண்டாம், எந்தக் கமிட்டியும் கேக்காது. நான் வாங்கித் தரேன்” என்றான். விரட்டினால் போகுமா என்று கேட்டேன். “என்னது?” என்றான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 15, சனி
தனியாகப் போனேன். கூடத்தில் எல்லோரும் என் கைக்குக் கீழே பார்த்தார்கள். பிஸ்கட் பாட்டி, “ஏம்மா, ஒடம்புக்கு முடியலையா அதுக்கு?” என்றார். ஆமாம், லேசாகக் காய்ச்சல் என்றேன். “கஷாயம் போட்டுக் குடு.”

அம்மா: “வாங்க, இருங்க.”

நவம்பர் 17
கமிட்டிக்கு விண்ணப்பம். தடுப்பூசிப் புத்தகத்தின் நகல், மாநகராட்சி உரிமம், டாக்டர் சான்று, உத்தரவில் வேண்டிய பத்தியைக் கோடிட்டு ஒரு பிரதி. ‘காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘முதியோர் மனமகிழ்ச்சிக்காக’ என்று போடு என்றார் இவர். அப்படியே போட்டேன். மேனேஜர் வாங்கிக்கொண்டார். கமிட்டி டிசம்பரில் கூடுமாம். என்ன தேதி என்று கேட்டேன்.

“தலைவர் ஊர்ல இல்ல மேடம்.”