தகப்பனாரின் வயலின்

மரித்தவர் விட்டுச் சென்ற பொருளின் மதிப்பை எதைக்கொண்டு அளப்பது? இக்கேள்வி சென்ற ஆண்டு என் அண்ணனையும் என்னையும் பிரித்துவிடப் பார்த்தது.

எங்கள் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையில் பள்ளி ஆசிரியர். ஞாயிறுதோறும் ஆலயப் பாடல்களுக்கு வயலின் வாசிப்பார். அவர் மறைந்தபின் அது மும்பையில் என் வீட்டுப் பரணில் கிடந்தது. ஊரிலிருந்து வந்த அண்ணன் ஒருநாள் பெட்டியைத் திறந்தார். வயலினுக்குள் ஒட்டியிருந்த சீட்டில் ஸ்த்ராதிவாரியின் பெயரும் 1721 என்ற ஆண்டும் இருந்தன. அவர் செய்த வயலின்கள் பல கோடிக்கு விலைபோவதை அண்ணன் அறிந்திருந்தார். "இத்தனை வருஷம் உன்னிடமே வைத்துக்கொண்டாயே, தம்பி" என்றார். அச்சொல் என்னைத் தைத்தது. இரண்டு மாதம் நாங்கள் பேசவில்லை.

முடிவில் இருவருமாக, வயலின் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் துளைவழியே சிறு விளக்கை இறக்கி, சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'மேட் இன் ஜெர்மனி' என்ற வரியைக் காட்டினார். கிரெமோனா நகரத்து ஸ்த்ராதிவாரி 1737இல் மரித்தார். பிற்காலத்து ஜெர்மானியப் பட்டறைகளோ, அவருடைய மாதிரியில் செய்த எண்ணற்ற வயலின்களில் அவர் பெயரையே அச்சிட்டு ஒட்டின. பிறந்த நாட்டைக் குறிக்கும் அந்த ஆங்கில வரி, 1887இல் பிரிட்டனும் 1890இல் அமெரிக்காவும் இயற்றிய சட்டங்களுக்குப் பின்னரே பரவிற்று. எங்கள் கோடிகள் அந்த ஒரு வரியில் கரைந்தன.

ஆயினும் அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. ஓரத்துக் கருங்கோடு மையால் வரைந்ததன்று, மரத்தில் பதித்தது என்றார். பின்பலகையில், உள்ளே நிற்கும் சிறு மரக்கம்பு ஊன்றும் இடத்தில் விரிசல் இருந்தால் செலவு கட்டுப்படியாகாது. அங்கே விரிசல் இல்லை. முன்பலகையில்தான் ஒரு வெடிப்பு. "இதில் தச்சுப் பசை ஊற்றியது யார்?" என்று கேட்டார்.

நான்தான். 1998இல், நல்லது செய்வதாக எண்ணிச் செய்தேன். வயலின் செய்வோர் பயன்படுத்தும் தோல் பசை, ஈரமும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும். பின்னாளில் பிரித்துச் சீராக்கலாம். நான் ஊற்றியதை அவர் சுரண்டியெடுக்கவேண்டியதாயிற்று. அண்ணனுக்கு முன்பாக அதை ஒப்புக்கொண்டபோது எனக்கு நா தழுதழுத்தது.

குதிரை, பிரடைகள், தந்திகள் உட்பட 14,000 ரூபாய் ஆகும். விற்றால் அதற்குமேல் பெரிதாகக் கிடைக்காது என்றார். பிறகு, "இதை வாசிக்கப்போவது யார்?" என்று கேட்டார். விற்கும் எண்ணத்தோடு வந்த அண்ணன் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்பு, "என் பேத்தி கற்றுக்கொள்கிறாள்" என்றார். செலவை இருவரும் பாதிப்பாதியாக ஏற்றோம்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பழைய வயலின் இருக்கலாம். சீட்டை நம்பி விலை பேசாதீர்கள். நீங்களே பசை இடாதீர்கள். பழைய மெருகைச் சுரண்டாதீர்கள். தேர்ந்தவரிடம் காட்டிச் செலவைக் கேளுங்கள். வாசிக்க ஒருவர் உண்டா என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

வயலின் இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறது. வெடிப்பின் தழும்பு இன்னும் தெரிகிறது. ஞாயிறு மாலைகளில் அண்ணன் தொலைபேசியில் என்னை அழைத்து, ஒன்றும் பேசாமல், பேத்தி வாசிப்பதைக் கேட்கச் செய்கிறார்.