ஒட்டுப்பால்

ரப்பர் விளைக்குள் விடியுமுன் போனால் முதல் வேலை பால்வெட்டு அல்ல, ஒட்டுப்பால் உரிப்பது. முந்தின வெட்டில் கடைசியாகக் கசிந்த பால் வெட்டுச்சாலிலேயே உறைந்து, பழுப்பு நாடாவாக மரத்தோடு ஒட்டிக் கிடக்கும். அதன் நுனியை நகத்தால் நெம்பிப் பிடி கிடைத்ததும் மெதுவாக இழுக்க வேண்டும். மரத்தின் பாதிச் சுற்றுக்கும் சர்ரென்று ஒரே கீற்றாக வரும். இடையில் அறாமல் வந்துவிட்டால் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி. மாமா தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு கத்தி தீட்டும் நேரத்தில், அவருக்கு முன்னால் மரம் மரமாக ஓடி அதை உரித்துப் போடுவது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது.

அதே நகம்தான் என் கையையும் உரித்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே. கொஞ்ச தூரம் நடந்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாட்டோடு போயின. எங்கள் நெய்யாற்றங்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அம்மை பிறந்த வீடு அந்தப் பக்கம், வாழ்க்கைப்பட்ட வீடு இந்தப் பக்கம். அதனால் எனக்கு ஏச்சும் இரண்டு மொழியில் கிடைத்தது. "எதுக்கு மக்ளே இப்பிடிப் பிச்செடுக்குத?" என்பாள் அம்மை. பக்கத்து வீட்டு அக்காள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "நுள்ளல்லே மோளே" என்பாள். நோண்டாதே, கிள்ளாதே, சொறியாதே. தடுக்க இரண்டு மொழியிலும் சொல் இருந்தது. எனக்கு நடப்பது என்ன என்று சொல்ல ஒன்றிலும் இல்லை.

நடந்தது இதுதான். கொசு கடித்த தடிப்பு, மயிர்க்கால் ஓரத்துச் சிறு பொட்டு, காய்ந்த பொருக்கு, எதுவாக இருந்தாலும் விரல் அதைத் தேடிப் போகும். நான் அனுப்பாமலே போகும். பாடம் வாசிக்கும்போது, சாயங்காலம் திண்ணையில் சும்மா இருக்கும்போது, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கண் தெரியாதவர் எழுத்தைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே வரும். சொரசொரப்பாக ஓர் இடம் தட்டுப்பட்டால் அங்கே நிற்கும். பிறகு அதன் விளிம்பு வேண்டும். விளிம்பு கிடைத்தால் அதைத் தூக்க வேண்டும். பொருக்கு முழுசாகக் கழன்று வரும் அந்த ஒரு நொடி உலகமே அடங்கிவிடும். அடியில் இளஞ்சிவப்பாக ஈரம் மினுங்கும், ஒரு துளி ரத்தம் ஊறி உருண்டு நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் நான் எனக்கே திரும்பி வருவேன். ஐயோ, மறுபடியுமா என்று பாவாடை ஓரத்தால் ஒற்றிக்கொள்வேன். வலி அப்போதுதான் தெரியும். வெட்கம் அதற்கும் பிறகு வரும், வந்தால் போகாது.

ஐந்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியை என் கையைப் பார்த்துவிட்டுச் சிரங்கு என்று முடிவு கட்டினார். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். அம்மை என்னை மருத்துவரிடம் கூட்டிப்போக, அவர் பென்சைல் பென்சோயேட் என்ற வெள்ளை மருந்தை எழுதிக் கொடுத்தார். சிரங்குப் பூச்சிக்கு நல்ல மருந்துதான். புண்ணில் பட்டால் தீயாக எரியும். ராத்திரி வீட்டில் எல்லோருமே கழுத்திலிருந்து கால் வரை அதைப் பூசிக்கொண்டு நின்றோம். அம்மை ஊதி ஊதிப் பூசினாள். எனக்கு எரிந்ததைவிட, ஒன்றும் இல்லாத என் தம்பி எரியுது எரியுது என்று குதித்ததுதான் இன்றும் மறக்கவில்லை. பூச்சி இல்லை, என் விரல்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

சிரங்கு இல்லை என்று தெரிந்த பிறகு வைத்தியம் வேறு வகையானது. ஞாயிறுதோறும் நகத்தைச் சதையோடு சேர்த்து வெட்டினார்கள். விரலில் வேப்பெண்ணெய் தேய்த்தார்கள். படுக்கும்போது அப்பாவின் காலுறையைக் கைகளில் மாட்டிக் கட்டினார்கள். காலையில் காலுறை பாயில் கிடக்கும், போர்வையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருக்கும். என் பிள்ளை சொன்னால் கேட்காது என்று அம்மை அழுதாள். கேட்கக் கூடாதென்று எனக்கு இல்லை. கை கேட்கவில்லை.

அந்த வருடம் நெய்யாற்றங்கரை கிருஷ்ணசுவாமி கோயிலுக்குப் போனோம். அங்கே அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. எதிரிகள் துரத்தி வந்தபோது மார்த்தாண்ட வர்மா அந்தப் பலாமரத்துப் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது ஊர்க்கதை. அம்மை கதை சொல்லச் சொல்ல நான் பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் ஒளித்துக்கொள்ள ஒரு மரம் அவருக்குக் கிடைத்தது. எனக்கு முழுக்கைச் சட்டைதான் கிடைத்தது. மேட மாத வெயிலிலும் மணிக்கட்டில் பொத்தான் போட்டு நடந்தேன்.

என்னை ஏசாத ஒரே ஆள் மாமா. ஒருநாள் விளையில் ஒரு மரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பட்டை முண்டும் முடிச்சுமாகக் கிடந்தது. "பழகாதவன் வெட்டினது. பட்டைக்கு உள்ளே தடிய ஒட்டி ஒரு நேர்த்த தோல் இருக்கு மக்ளே. அதுல கத்தி படாம வெட்டினா பட்டை திரும்ப வளரும். பட்டா இப்படித்தான்." பிறகு என் கையைப் பார்த்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. உரித்துப் போட்ட ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றி எலுமிச்சங்காய் அளவில் ஓர் உருண்டை செய்து, என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "விரல் சும்மா இருக்கண்டாம். இத உரி, இத அமுக்கு."

பத்து நாளோ பதினைந்து நாளோ, அந்த உருண்டை என்னோடு இருந்தது. வாசிக்கும்போது கையில் அதை வைத்து அமுக்குவேன். கீற்று கீற்றாகப் பிரிப்பேன், திரும்பச் சுற்றுவேன். முழங்கையில் இரண்டு பொருக்கு தானாக உதிர்ந்ததை அப்போதுதான் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன். ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது உருண்டை இல்லை. ஒட்டுப்பால் நாளானால் நாறும், அம்மை எடுத்து எங்கோ வீசிவிட்டாள். விரல் பழைய இடத்துக்குத் திரும்பியது.

என் விரல் செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரியும்போது எனக்கு நாற்பது நெருங்கியிருந்தது. லண்டன் தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் 1875இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2013இல்தான் எக்ஸ்கோரியேஷன் டிஸ்ஆர்டர் என்று தனி நோயாக இடம்பிடித்தது. முடியைப் பிடுங்கும் பழக்கத்தோடும், திரும்பத் திரும்பக் கைகழுவச் செய்யும் எண்ணச் சுழற்சி நோயோடும் ஒரே குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வளரும் பருவத்தில் தொடங்கும். அதைப் படித்த இரவில் நான் அழுதேன். அடங்காத பிள்ளை என்று என்னைப் பற்றி நானே நம்பியிருந்தது அன்றுதான் இளகியது.

திருவனந்தபுரத்தில் நான் போய்ப் பார்த்த ஆலோசகர் முதல் இரண்டு வாரம் நிறுத்தவே சொல்லவில்லை. எப்போது, எங்கே, அதற்கு முன் மனசு எப்படி இருந்தது என்று எழுதி வரச் சொன்னார். எழுதியபோதுதான் தெரிந்தது: குளியலறைக் கண்ணாடி, ஜன்னலோர வெளிச்சம், தொலைபேசியில் பேசும் நேரம், ஒரு வேலையை முடித்து அடுத்ததைத் தொடங்காத இடைவெளி. பிறகு அவர் சொன்னார், விரல் புறப்படுவது தெரிந்ததும் கையை முஷ்டியாக மூடி ஒரு நிமிடம் வைத்திருங்கள், அல்லது எதையாவது அமுக்குங்கள். உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் 1973இல் வகுத்த முறை அது என்றார். நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். மாமா அந்தப் பெயர்களைக் கேட்டிருக்க மாட்டார்.

முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். நிற்கும், திரும்பும், மறுபடி நிற்கும். சிலருக்கு மாத்திரையும் துணை நிற்கிறது. இன்று யாருக்கும் என்னைப்போல நாற்பது வயது வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் காசில்லாமல் பேசலாம். பெற்றவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளையின் கையைத் தட்டிவிடாதீர்கள், அந்தக் கையில் ஏதாவது கொடுங்கள்.

போன ஓணத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மையிடம் எல்லாம் சொன்னேன், நோயின் பெயர், முஷ்டி, நோட்டுப் புத்தகம், மாமாவின் உருண்டை. அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தேன். அவள் என் கையை மடியில் எடுத்து வைத்து, பழைய வடுக்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்த உருண்டை நாறுச்சு மக்ளே," என்றாள் கடைசியில். "நான்தான் கிணத்தடியில வீசினேன். நீ கேட்டிருந்தா தேடி எடுத்துத் தந்திருப்பேனே."

கேட்டிருக்கலாம். அப்போது எனக்குத் தெரியவில்லை, அது எனக்கு மருந்து என்று.