இழுத்தலும் தாங்குதலும்

2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 12ஆந் திகதி இரவு, லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரில் நெடுஞ்சாலையொன்றின் மேற்செல்லும் பாலத்தினூடாக எண்டவர் என்னும் விண்ணோடம் இழுத்துச் செல்லப்பட்டது. விண்வெளிப் பணியினின்றும் ஓய்வு பெற்று நூதனசாலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அவ்வோடமும், அதனைத் தாங்கிய சட்டவண்டியும் சேர்ந்து ஏறத்தாழ 292,000 இறாத்தல் நிறையுடையன. அவற்றை இழுத்துச் சென்றதோ, பணம் படைத்த எவரும் கடையிற் சென்று வாங்கக்கூடிய டொயோட்டா டன்ட்ரா பிக்கப் வண்டியொன்று. அக்காட்சி பின்னர் விளம்பரமாகி அமெரிக்க இல்லங்களிலெல்லாம் காட்டப்பட்டது.

அதே வண்டி இழுக்கத்தக்க ஆகக்கூடிய நிறை ஏறத்தாழ 10,000 இறாத்தல் என்று அதனைச் செய்தவர்களே குறித்திருந்தனர். இவ்விரண்டு எண்களுக்குமிடையே முரண்பாடு எதுவும் இல்லை. பாலத்தின் மீது வண்டி சென்றது ஆமை வேகத்தில். கடந்ததோ மிகக் குறுகிய தூரம். விண்ணோடத்தின் பாரம் முழுவதையும் சட்டவண்டியின் சில்லுகளே தாங்கின. பிக்கப்பின் முதுகில் அப்பாரம் இறங்கவில்லை. இன்னுமொன்று: அதுவரை தெருக்களில் விண்ணோடத்தைச் சுமந்து வந்த பெரிய ஊர்திகள் அப்பாலத்துக்கு மிகையான பாரமாகும் என்பதனாலேயே, அவ்விடத்தில் மட்டும் இலகுவான சட்டவண்டியும் பிக்கப்பும் பயன்படுத்தப்பட்டன. வண்டியின் இழுவலியை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சிக்கு உண்மையிற் காரணமாயிருந்தது பாலத்தின் தாங்குவலியின் எல்லையே.

இழுத்தல் வேறு, தாங்குதல் வேறு, நிறுத்துதல் பிறிதொன்று. அமெரிக்காவிலே பயண ட்ரெயிலரை இழுப்பதற்குப் பிக்கப் வண்டி தேடுவோர் அனைவரும் முதலில் உணர வேண்டிய உண்மை இதுவாகும். ஆயின் பெரும்பாலோர் இதனை இறுதியிலேயே உணர்கின்றனர்.

பயண ட்ரெயிலர் என்பது சில்லுகளின் மேல் அமைந்த சிறு வீடு. கட்டில், அடுப்பு, குளிரூட்டி, குளியலறை யாவும் அதனுள் அடங்கும். வோலி பயம் என்பார் தோற்றுவித்த எயார்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936இல் வெளியிட்ட கிளிப்பர் என்னும் அலுமினிய ட்ரெயிலர் இவ்வகையில் புகழ்பெற்றது. அக்காலத்தில் குடும்பத்துக் கார்களே இவற்றை இழுத்தன. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் கார்கள் சிறுத்தன, ட்ரெயிலர்களோ பெருத்தன. இழுக்கும் பொறுப்பு படிப்படியாகப் பிக்கப் வண்டிகளைச் சார்ந்தது. இன்று ட்ரெயிலர் வாங்குவோருள் ஓய்வுபெற்ற தம்பதியர் பலர். பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியிற் சென்றபின், வீட்டையே விற்றுவிட்டுப் புறப்படுவோரும் உளர். மாரிக்கு அரிசோனாப் பாலைவனம், கோடைக்கு வடபுலத்து மலைகள் என்று நாட்டைச் சுற்றி வருதல் அவர்களது நெடுநாட் கனவு. வாழ்நாட் சேமிப்பின் பெரும்பகுதியை ஒரே வண்டியில் முதலிடும் இவர்களுக்கு, தவறான தெரிவைத் திருத்திக்கொள்ளப் போதிய காலமும் இல்லை, பணமும் இல்லை.

அந்நாட்டில் பிக்கப் வண்டிகள் அரைத்தொன், முக்கால் தொன், ஒரு தொன் என மூவகைப்படும். முன்னொரு காலத்தில் வண்டி சுமக்கக்கூடிய பாரத்தைக் குறித்த இப்பெயர்கள் இன்று வெறும் வழக்காகவே எஞ்சியுள்ளன. போர்ட் நிறுவனத்தின் எப்-150 அரைத்தொன் வண்டி. எப்-250 முக்கால் தொன். எப்-350 ஒரு தொன். ஏனைய நிறுவனங்கள் 1500, 2500, 3500 என எண்ணிடுகின்றன. பின்னிரண்டு வகைகளே கனரகப் பிக்கப்புகள் எனப்படுவன. அவற்றின் சட்டமும் அச்சும் வில்லும் தடுப்பும் அரைத்தொன் வண்டியினவற்றிலும் தடித்தவை.

அவ்வாறாயின் அரைத்தொன் வண்டி போதாதா? விளம்பரத்தைப் பார்த்தால் போதும் என்றே தோன்றும். 11,000 இறாத்தலும் அதற்கு மேலும் இழுக்கும் என்று அது முழங்கும். அவ்வெண் பொய்யன்று. முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பியவாறே எண்ணைக் கூறிவந்தது. 2008ஆம் ஆண்டில் மோட்டார் ஊர்திப் பொறியியலாளர் சங்கம் ஜே-2807 என்னும் பொது நியமத்தை வகுத்தது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அண்மையிலுள்ள நீண்ட ஏற்றத்தை, குளிரூட்டியும் இயங்க, குறித்த வேகத்துக்குக் குறையாமல் வண்டி ஏறிமுடிக்க வேண்டும் என்பது அதன் சோதனைகளுள் ஒன்று. டொயோட்டா 2011ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அதனை ஏற்றது. ஏனையோர் சில ஆண்டுகள் பிந்தி ஏற்றனர். எனினும் சோதனை வண்டியில் இருப்போர் சாரதியும் ஒரு பயணியுமே. தலைக்கு 150 இறாத்தலே கணக்கு. நாயும் விறகும் ஆயுதப் பெட்டியும் அக்கணக்கில் இல்லை.

ட்ரெயிலரின் பாரம் முழுவதையும் அதன் சில்லுகள் தாங்குவதில்லை. அதில் 10 முதல் 15 வீதம் வரை கொளுக்கியின் வழியாக வண்டியின் பின்புறத்தில் இறங்குதல் வேண்டும். இதனை விளக்க நம்மூர் மாட்டுவண்டியே போதும். மூட்டைகளை முன்னே குவித்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே குவித்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். முன்பாரம், பின்பாரம் என வண்டிக்காரர் கூறுவது இதனையே. ட்ரெயிலரில் முன்பாரம் குறைந்தால் நேரும் தீங்கு இன்னும் கொடிது. நெடுஞ்சாலை வேகத்தில் அது பாம்பென நெளிந்தாடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் பக்கவாட்டில் இழுத்துச் சென்று கவிழ்த்துவிடும். ஆதலின் முன்பாரத்தைக் குறைத்துத் தப்ப வழியில்லை. அதனைத் தாங்கும் முதுகு வண்டிக்கு இருந்தே ஆகவேண்டும்.

அம்முதுகின் எல்லை சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு தாளில் காணப்படும். ஆட்களும் பொருள்களும் சேர்ந்து இத்தனை இறாத்தலை ஒருபோதும் மிகலாகாது என்பது அதன் வாசகம். அரைத்தொன் வண்டியொன்றில் அவ்வெண் 1,550 எனக் கொள்வோம். ட்ரெயிலர் 8,000 இறாத்தல். அதன் எட்டிலொரு பங்கான 1,000 கொளுக்கியில் இறங்கும். சுமையை முன்னச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் கொளுக்கிச் சாதனம் 100. தம்பதியர் இருவரும் 350. நாய், கருவிகள், விறகு, மின்பிறப்பாக்கி ஆகியன 300. கூட்டுத்தொகை 1,750. விளம்பர எண்ணுக்கு 3,000 இறாத்தல் குறைவான ட்ரெயிலரை இழுக்கும்போதே, வண்டியின் முதுகு 200 இறாத்தல் மிகையாகச் சுமக்கின்றது. எஞ்சின் இதனை உணராது, சலிப்பின்றி இழுத்துக்கொண்டேயிருக்கும். உணர்பவை ரயரும் அச்சும் வில்லுமே.

ட்ரெயிலரின் நிறையும் விற்பனைத் தாளில் உள்ளவாறு இருப்பதில்லை. அங்கே குறிக்கப்படுவது வெற்று நிறை. 50 கலன் நீர் நிரப்பினாலே 400 இறாத்தலுக்கு மேல் ஏறிவிடும். பாத்திரம், போர்வை, புத்தகம் எனப் பொருள்கள் சேர்வதற்கு முடிவில்லை. 1954இல் வின்சென்ட் மினெலி இயக்கிய ‘த லோங், லோங் ட்ரெயிலர்’ என்னும் நகைச்சுவைத் திரைப்படம் இதனை நன்கு காட்டுகின்றது. லூசில் போல் ஏற்ற மனைவிப் பாத்திரம், சென்ற இடந்தோறும் நினைவுக்கென ஒரு கல்லைப் பொறுக்கி ட்ரெயிலரில் சேர்க்கின்றது. மலையேறுமுன் அவற்றை எறிந்துவிடுமாறு கணவன் கூறியும், பிரிய மனமின்றி அவள் ஒளித்து வைக்கின்றாள். செங்குத்தான பாதையில் கற்கள் உருளுகின்றன, பீங்கான்கள் நொறுங்குகின்றன, மணவாழ்வே முறியும் நிலைக்கு வருகின்றது. அரங்கு சிரிக்கலாம். ஆனால் அவள் சேர்த்தவை அற்பப் பொருள்கள் அல்ல. அவர்கள் சேர்ந்து வாழ்ந்த நாட்களின் அடையாளங்கள். மனிதர் மிகையாகச் சுமப்பது பேராசையால் மட்டுமன்று, அன்பினாலும்தான்.

கனரக வண்டியை நாடுவோர்க்கும் ஒரு மயக்கம் காத்திருக்கின்றது. 1989ஆம் ஆண்டு மாதிரியில் டொட்ஜ் நிறுவனம் கம்மின்ஸ் டீசல் எஞ்சினைத் தன் பிக்கப்பில் பொருத்தியதிலிருந்து, டீசலே இழுவைக்கு உரியது என்னும் கருத்து வேரூன்றியது. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் டீசல் எஞ்சின் பெற்றோல் எஞ்சினிலும் பல நூறு இறாத்தல் கனமானது. முக்கால் தொன் வண்டிகள் பலவற்றுக்கு முழு நிறையின் எல்லை 10,000 இறாத்தல் எனவே குறிக்கப்பட்டு வந்துள்ளது. அதற்கு மேற்பட்டவை வேறு வகுப்பில் அடங்கும். எல்லை மாறாதிருக்க எஞ்சின் கனத்தால், சுமக்கும் வலி குறைவது இயல்பு. இதனால் பெற்றோல் எஞ்சினுடன் 2,500 இறாத்தலுக்கு மேல் சுமக்கும் வண்டி, டீசலுடன் 2,000க்கு அண்மையில் நின்றுவிடுதலும் உண்டு. வலிமைக்காகக் கொடுத்த மிகைப்பணமே ஒருவகையில் வலியைக் குறைத்துவிடுகின்றது.

எனினும் டீசலின் சிறப்பு மலையிலே புலப்படும். கொலராடோ மாநிலத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல்மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. காற்றழுத்தி இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 வீத வலுவை இழப்பதால், அவ்வுயரத்தில் அதன் வலுவில் மூன்றிலொரு பங்கு மறைந்துவிடும். காற்றழுத்தியுள்ள டீசலுக்கு இவ்விழப்பு மிகக் குறைவு. ஆனால் ஏற்றத்தில் வலு போதாவிடின் வண்டி மெதுவாகச் செல்லும், அவ்வளவே. இறக்கத்தில் தடுப்பு போதாவிடின் நேர்வது வேறு. தொடர்ந்து மிதிக்கப்படும் தடுப்பு சூடேறிச் செயலிழக்கும். கனரக டீசல் வண்டிகளின் புகைபோக்குத் தடுப்பு, எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கிச் சில்லுத் தடுப்பைக் காக்கின்றது. ட்ரெயிலரின் மின்தடுப்பும் சாரதியின் கைக்கட்டுப்பாட்டில் இயங்குதல் வேண்டும். அவ்விறக்கத்தில் பணயமாக நிற்பன அத்தம்பதியரின் உயிர்கள் மட்டுமல்ல; அவர்களுக்கு முன்னே செல்லும், அவர்களை ஒருபோதும் அறிந்திராத, வேறொரு குடும்பத்தின் உயிர்களுமாகும்.

இதனால் ஆகப் பெரிய வண்டியே எவர்க்கும் ஏற்றது என்பது பொருளன்று. 12,000 இறாத்தல் நிறையுடைய, வண்டியின் நடுமுதுகில் ஊன்றி இழுக்கப்படும் பெருந்ட்ரெயிலரில் ஐந்திலொரு பங்கு, அதாவது 2,400 இறாத்தல், முதுகில் இறங்கும். அதற்கு ஒரு தொன் வண்டியே தகும். 5,000 இறாத்தல் ட்ரெயிலருக்கு அதனை வாங்குவோர், ஆண்டு முழுவதும் எரிபொருளுக்கும் கடினமான ஓட்டத்துக்கும் வீணே விலை கொடுப்பர். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டிய வள்ளுவர், வினையின் வலியையும் தன் வலியையும் சேர்த்தே எடைபோடச் சொல்கின்றார். சுமையைக் குறைத்து மதித்தலும் பிழை. அஞ்சி மிகைப்படுத்தலும் பிழை.

ஆகவே தெரிவின் ஒழுங்கு தலைகீழாக வேண்டும். முதலில் வண்டியை வாங்கிப் பின் அதற்கேற்ற ட்ரெயிலரைத் தேடுதல் வழக்கம். மாறாக, எத்தகைய வாழ்வை உடன்கொண்டு செல்ல விரும்புகின்றனர் என்பதை முதலில் தீர்மானித்து, அதன் நிறையைக் கூட்டி, இறுதியில் அதனைத் தாங்கும் முதுகைத் தேடுதலே முறை. வாங்கிய பின்னும், பொருளெல்லாம் ஏற்றி, நெடுஞ்சாலையோரத் தரிப்பிடங்களில் லொறிகளுக்கென உள்ள நிறுவைத்தளத்தில் ஒருமுறை ஏறி இறங்குதல் நன்று. ஒவ்வோர் அச்சின் மீதும் இறங்கும் பாரம் அங்கே தனித்தனியே தெரிந்துவிடும். அதற்காகும் செலவும் அற்பம். விற்பனைக் கூடத்தில் வண்டியைச் சுற்றி வரும் கண்கள் எஞ்சினையும் இருக்கையையும் நிறத்தையும் பார்க்கின்றன. கதவைத் திறந்து, தூணில் ஒட்டிய அச்சிறு தாளைக் குனிந்து படிப்போர் சிலரே. அவ்வாறு குனிந்தவர்கள், மலையின் மறுபக்கத்தில் இறங்கும்போது கைநடுக்கமின்றி இறங்குவர்.