வீட்டுக்காரர் கேட்கும் முன்பே

சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் யாரும் விண்ணப்பப் படிவத்தை நீட்டுவதில்லை. கூடத்தில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, நேரே விசாரணைதான். சொந்த ஊர் எது, வீட்டில் எத்தனை பேர், எங்கே வேலை, அசைவம் சமைப்பீர்களா, ஊரிலிருந்து ஆட்கள் அடிக்கடி வருவார்களா? ஊர்ப் பெயரைச் சொன்னதும் "அங்க எந்தத் தெரு?" என்று வரும் கேள்வி எதைத் துழாவுகிறது என்பது இருவருக்குமே தெரியும். பேச்சிலர் என்றால் இத்தனை கேள்விகூடக் கிடையாது. வாசலோடு சரி.

இந்த விசாரணைக்கு முன்பே ஒரு ஃபைலை எடுத்து நீட்டிவிடுவது என் வழக்கம். பெரிதாக ஒன்றுமிருக்காது. அலுவலக அடையாள அட்டையின் நகல், கடைசி சில மாதச் சம்பளச் சீட்டு, வாடகை தேதி தவறாமல் போனதைக் காட்டும் வங்கிக் கணக்குப் பக்கம், ஆதார் நகல். (ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி தரவிறக்கிக்கொள்ளலாம், எதற்காகக் கொடுத்தோம் என்று நகலின்மேல் தேதி போட்டு எழுதிவிடுவதும் நல்லது.) இதையெல்லாம் வீட்டுக்காரர்கள் மேலோட்டமாகத்தான் புரட்டுவார்கள். அவர்கள் நிதானமாகப் பார்ப்பது கடைசித் தாளை. அதில் பழைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண் இருக்கும். "அவருக்கே போன் பண்ணிக் கேளுங்க சார்" என்றதும் முகம் இளகிவிடும். ஒரு வீட்டுக்காரர் நம்புவது இன்னொரு வீட்டுக்காரரைத்தான். அதனால் அடுத்த வீட்டுக்கான சிபாரிசை, இருக்கும் வீட்டைக் காலி செய்யும் விதத்திலேயே சம்பாதித்தாக வேண்டும். ஈபி பாக்கியைக் கட்டி, ஆணி ஓட்டைகளைப் பூசி, சொன்ன தேதியில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. மாடிப் போர்ஷன் வாடகையையே ஓய்வூதியம்போல நம்பியிருக்கும் வயதானவர்கள் நிறைய. காலி செய்ய மறுப்பவன் வந்துவிடுவானோ என்ற பயம் அவர்களுக்கு நிஜம். பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னைப் பழக்கம் அந்தப் பயத்துக்குப் போட்ட விலை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. வீடு கிடைக்காமல் அலைகிறவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்? பதினோரு மாத அக்ரிமென்ட்டும் அப்படித்தான். ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908 பதிவுச் சட்டத்துக்குத் தப்பிக்க வந்த ஏற்பாடு அது. புதிய சட்டப்படி எத்தனை மாத அக்ரிமென்ட் ஆனாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி அதைப் பற்றித்தான்.

ஃபைல் இவ்வளவுதான் செய்யும். பணத்தைப் பற்றிய பயத்தைப் போக்கும். சாதியையும் மதத்தையும் துழாவுகிறவர் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்; "சொல்லியனுப்புறேன்" என்பார், சொல்லியனுப்ப மாட்டார். அட்வான்ஸ், பதிவு, காலி செய்தல் என்று அத்தனையையும் பேசும் அந்தச் சட்டத்தில், இன்ன காரணத்துக்காக வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு பிரிவும் இல்லை.