நாளைக்கு வராதவர்களுக்கு ஒரு பந்தி

போபோடி, புனே
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன், எல்லாரும் சௌக்கியம் என்று போனில் சொன்னதோடு சரி. மூன்று வாரமாக எழுத உட்காரவே இல்லை. நேற்று ராத்திரி ஒரு சாப்பாடு சாப்பிட்டேன். படுக்கும்போதே, விடிந்ததும் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இருபது வருஷமாக மெஸ் நடத்துகிறவரிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

தங்கச்சி வீடு பழைய மும்பைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. சாலைக்கு மேலே தூண்களில் மெட்ரோ ஓடுகிறது. பாலத்தைத் தாண்டினால் தாபோடி. நடுவே முளா ஆறு கறுத்துக் கிடக்கிறது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த நமக்கு அதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பக்கமே நான் நடக்கப் போவதில்லை. ஆறுதல் என்றால் கட்கி பஜார்தான். காய் வாங்க நிற்கும்போது பின்னாலிருந்து திடீரென்று தமிழ் கேட்கும். வெடிமருந்துத் தொழிற்சாலையும் பட்டாளமும் அந்தக் காலத்தில் இழுத்துவந்த குடும்பங்களாம். அந்தத் தொழிற்சாலை 1869இல் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பேரப் பிள்ளைகள் மராத்தியில் சண்டை போட்டுவிட்டு ஆச்சியைத் தமிழில் கூப்பிடுகிறார்கள்.

ஒரு குறை மட்டும் எனக்கு ஆறவே இல்லை. இங்கே சோறு கடைசியில் வருகிறது. சப்பாத்தி, பாஜி எல்லாம் முடிந்து, வயிறு நிறைந்த பிறகு, மறந்துபோனதை நினைத்துக்கொண்டதுபோல ஒரு கைப்பிடிச் சோறு வைக்கிறார்கள். சோற்றில்தான் சாப்பாடே தொடங்கும் என்று இருந்தவளுக்கு இது பழகவில்லை.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். வாகோலிப் பக்கம் சோக்கி தானி என்று ஓர் இடம். ராஜஸ்தான் கிராமம் ஒன்றை அப்படியே ஜோடித்து வைத்திருக்கிறார்கள். முதலாவது, 1989இல் ஜெய்ப்பூரில் தொடங்கியதாம். மண் சுவர், ஒட்டக சவாரி, பொம்மலாட்டம், ஆட்டம் பாட்டம், கடைசியில் சாப்பாடு. எல்லாம் நுழைவுச் சீட்டிலேயே சேர்த்தி. பள்ளியில் யாரோ போய்வந்து சொன்னதிலிருந்து தங்கச்சி மகள் “பெரியம்மா, பெரியம்மா” என்று ஒரு வாரமாக என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு இஷ்டமே இல்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

நாம் எல்லாரும் வேன் பிடித்துப் போன அந்தக் கேளிக்கைப் பூங்காவை மறக்க முடியுமா? பேர் வேண்டாம். விடியுமுன் எழுந்து நீங்கள் கிளறிய புளியோதரை வாசலிலேயே நின்றுவிட்டது; வெளிச் சாப்பாடு உள்ளே வரக் கூடாது என்றார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு வெயிலில் வரிசை. முதலில் அட்டைக்குப் பணம் ஏற்ற ஒரு வரிசை, பிறகு டோக்கனுக்கு ஒன்று, தட்டுக்கு இன்னொன்று. கிடைத்தது ஆறிப்போன ஃபிரைடு ரைஸ். உட்கார இடம் இல்லாமல் ரங்கராட்டினத்தின் நிழலில் நின்றபடி சாப்பிட்டோம். நீங்கள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னீர்கள்: “இவங்களுக்கு நாம நாளைக்கு வர மாட்டோம்னு தெரியும்டீ.” அதை நான் மறக்கவே இல்லை. இந்தக் கடிதமே அந்த வார்த்தைக்குத்தான்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் அடி வேர். உங்கள் மெஸ்ஸில் இன்றைக்கு ரசம் சரியில்லை என்றால் நாளை மத்தியானம் அதே ஆள் அதே பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் உப்பு சரியாக விழுகிறது. பூங்காவில் அந்தப் பயம் இல்லை. வந்தவர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர். கதவுக்கு உள்ளே வந்துவிட்டார், வேறு கடைக்குப் போக வழி இல்லை. அதோடு இன்னொன்று: அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கிறது. பன்னிரண்டரையிலிருந்து இரண்டுக்குள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கிறார்கள். காலையிலேயே சமைத்துச் சூடு குறையாமல் மூடி வைத்தால்தான் கட்டும். நேரம் ஆக ஆகக் காய் குழைகிறது, பூரி தோலாகிறது. எண்ணெயில் போட்டு எடுப்பதும் ரொட்டிக்கு நடுவே வைத்துக் கொடுப்பதும் மட்டும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் எந்த ஊர்ப் பூங்காவுக்குப் போனாலும் அதே பர்கரும் அதே உருளைக்கிழங்கு வறுவலும்.

இந்த வெறுப்போடுதான் கிளம்பினேன். போபோடியில் ஏறி, சிவில் கோர்ட்டில் இறங்கி வண்டி மாற வேண்டும். அந்த நிலையம் தரைக்குக் கீழே 33 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. படிமேல் படியாக ஏறிவந்து, மேலே இன்னொரு தண்டவாளத்தில் ராம்வாடிக்குப் போகும் ரயிலைப் பிடித்தோம். ராம்வாடியிலிருந்து ஆட்டோ. நான்கு ஆட்டோக்காரர்கள் வாகோலி என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்தாவது ஆள் ஏற்றிக்கொண்டார். நகர் சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் புகை குடித்தோம்.

வாசலில் நெற்றியில் திலகம் வைத்து “ராம் ராம் சா” என்றார்கள். ஆட்டத்தையும் ஒட்டகத்தையும் பற்றி எழுதப் போவதில்லை. பாப்பா தனியாக எழுதுவாள். பந்திக்கு வருகிறேன்.

ஆமாம் அக்கா, பந்திதான். ஒரு கூட்டத்தை உள்ளே விட்டு உட்காரவைக்கிறார்கள். அவர்கள் எழுந்தபிறகு அடுத்த கூட்டம். நம் கல்யாண வீட்டு வழக்கமேதான். மராத்திக்காரர்கள் இதைப் பங்கத் என்கிறார்கள். பந்தியும் பங்கத்தும் ஒரே வடசொல்லிலிருந்து பிரிந்த அக்கா தங்கச்சிகள். தரையில் மெத்தை, எதிரே முழங்கால் உயர மேசை, தைத்த இலை. இங்கே ஆட்டத்துக்கு நடுவே சாப்பாடு இல்லை. சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆட்டம். பசியோடு ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்து உட்கார்கிற ஆளுக்குச் சுடச்சுட எடுத்துவர அடுப்படிக்கும் அவகாசம் கிடைக்கிறது. கூட்டத்தைச் சமாளிக்க இதைவிட நல்ல வழி இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் கம்பு ரொட்டி. நடுவில் குழித்து நெய், பக்கத்தில் வெல்லம். அந்த வாசனையில் நம் ஆச்சியின் கம்பங்களி ஞாபகம் வந்து ஒரு நிமிஷம் கை நின்றுவிட்டது. பிறகு கடலைமாவு உருண்டையைக் குழம்பில் போட்ட கட்டே. பிறகு பாட்டி; நம் பாட்டி இல்லை, கோதுமை மாவு உருண்டை, தணலில் சுட்டது. அதை உடைத்துப் பருப்பில் முக்கிச் சாப்பிட வேண்டும், தொட்டுக்கொள்ள இனிப்பான சூர்மா. மஞ்சளாகக் கடி என்று ஒரு குழம்பு ஊற்றினார்கள். பார்த்த மாத்திரத்தில் சொதி என்று மனசு துள்ளியது. வாயில் வைத்தால் மோரும் கடலைமாவும். ஏமாற்றம்தான், ஆனால் கோபமில்லை.

பிறகு கேர்-சாங்கரி. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவரைக்காயைக் காய வைத்து மெலிந்ததுபோல நீள நீளமாக ஏதோ ஒரு காய், புளிப்பும் காரமுமாக. என்ன மரம் என்று கேட்டேன். கேஜ்ரி என்றார் பரிமாறியவர். தங்கச்சி மாப்பிள்ளை போனில் படத்தைத் தேடிக் காட்டினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது: வன்னி மரம்! கோயிலில் நாம் சுற்றிவந்து கும்பிடும் அதே வன்னி. அதன் காய் கறியாகும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். மழை பொய்த்து வேறெதுவும் விளையாத வருஷத்திலும் அந்த மரம் காய்க்குமாம். உலர்த்தி வைத்தால் நாள்பட இருக்குமாம். 1730இல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்துக்கு அரண்மனை ஆள்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பெண் முன்னே நிற்க, பிஷ்ணோய் மக்கள் 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார்கள். பஞ்சத்தில் காப்பாற்றிய மரத்துக்காக உயிர் கொடுத்த மண்ணின் கறி என் இலையில் இருந்தது. சுவரில் பூசிய மண்ணைவிட, கட்டிய தலைப்பாகையைவிட, அந்த ஒரு கரண்டிதான் என்னை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனது. ஓர் ஊரை ஜோடித்துக் காட்டுகிறவர்கள் அந்த ஊரின் அடுப்பையும் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அது வெறும் அட்டைச் சுவர்.

போதும் என்று இலையை இரண்டு கையாலும் மறைத்தேன். பரிமாறிய பெரியவர், அறுபது வயதிருக்கும், குனிந்து நின்றார். பாப்பா மொழிபெயர்த்தாள்: “பெரியம்மா, ராத்திரி பசிச்சா நான் எங்க வந்து உங்களுக்குப் போட, இப்பவே சாப்பிடுங்கன்னு சொல்றாரு.” கையை எடுத்துவிட்டேன். இன்னொரு ரொட்டி விழுந்தது, நெய்யோடு. இந்த வற்புறுத்தலுக்கு அவர்கள் ஊரில் மனுஹார் என்று பேர் வைத்திருக்கிறார்கள். மராத்தியில் ஆக்ரஹ். நமக்குத் தனிப் பேர் உண்டா என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நாம் பேர் வைக்காமலே செய்கிறோம். நீங்கள் கரண்டியோடு வந்து நின்று, ஒன்றும் கேட்காமல், சோற்றில் குழி பறித்து ஊற்றுவீர்களே, அது.

கடைசியில் கிச்சடி வந்தது. நெய்யும் சர்க்கரையும் போட்டு. இங்கேயும் அரிசி கடைசிதான்! ஆனால் நேற்று அதை மன்னித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை ஒரு சங்கதி சொன்னார். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் வால்டர் நாட், கார்டீலியா நாட் என்று ஒரு தம்பதி பெர்ரிப் பழத் தோட்டம் வைத்திருந்தார்கள். 1934இல், கையில் காசு தட்டுப்பாடான காலம், அந்த அம்மா எட்டுப் பேருக்குக் கோழி வறுத்துப் போட்டார், தன் கல்யாணச் சீர்த் தட்டுகளில். சாப்பாடு 65 சென்ட். ருசி ஊரெல்லாம் பரவி, வரிசை நீண்டுகொண்டே போனது. காத்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று 1940இல் அந்தக் கணவர் பழைய காலத்துச் சிற்றூர் ஒன்றை ஜோடிக்கத் தொடங்கினார். அதுதான் இன்றைக்கு நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பூங்காவே ஒரு பெண்ணின் அடுப்பிலிருந்து முளைத்திருக்கிறது!

மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார்: டிஸ்னிலேண்டில் 1967இல் திறந்த ஓர் உணவகம் இருக்கிறதாம். உள்ளே எப்போதும் அந்தி நேரம், பக்கத்தில் படகுகள் மிதந்து போகும். அங்கே கறி எப்படியோ, அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வெயிலில் அலைந்து வருகிற ஆளுக்குச் சோற்றுக்கு முன்னே வேண்டியது நிழல், ஒரு செம்புத் தண்ணீர், காலை நீட்ட இடம். குழந்தையைத் தூக்கிச் சுமந்த தோள் அந்த இடத்தில்தான் இறங்குகிறது. பாதிச் சாப்பாடு அதுதான் அக்கா.

மீதிப் பாதி, நீங்கள் அன்றைக்குச் சொன்ன வார்த்தை. அந்தப் பெரியவருக்கும் தெரியும், நான் நாளைக்கு வரப் போவதில்லை என்று. போபோடியிலிருந்து இரண்டு ரயில் மாறி, ஆட்டோவுக்குக் கெஞ்சி இனி எப்போது போகப் போகிறேன்? தெரிந்தும் குனிந்து நின்று கேட்டார். நாளைக்கு வராதவளுக்கு, நாளைக்கு வருகிறவளுக்குப் போடுவதுபோலப் போட்டார். விருந்து என்ற சொல்லுக்கு ஆதியில் புதிது, புதியவர் என்றுதான் பொருள் என்று நம் தமிழ் டீச்சர் சொல்வார்களே. உறவுக்காரருக்குப் போடுவது கடமை. முகம் தெரியாமல் வந்து முகம் தெரியாமலே போகிறவருக்குப் போடுவதுதான் விருந்து. நீங்களும் பஸ் மாற வந்த ஆட்களுக்கு அப்படித்தான் போடுகிறீர்கள். திரும்ப வருவார்களா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு இந்த வீட்டில் சொதி வைக்கப் போகிறேன். கீழ் வீட்டு மராத்தி அம்மாவையும் அவர் மாமியாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். தேங்காய் கிடைக்கிறது, முருங்கைக்காய் கட்கி பஜாரில் பார்த்துவைத்திருக்கிறேன், பயத்தம்பருப்புக்குப் பஞ்சமில்லை. உங்கள் இஞ்சித் துவையல் பக்குவம்தான் எனக்கு எப்போதும் பிடிபடாது. புளி முன்னா வெல்லம் முன்னா என்பதை மட்டும் உடனே எழுதுங்கள். அன்றைக்கு இந்த வீட்டில் சோறு முதலில் வரும்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி