பாதி வழியில் ஒரு டீச்சர்

தன்னார்வப் பணிக்காக நான் தான்சானியா வந்து 13 மாதங்கள் முடிந்துவிட்டன. இன்னும் 11 மாதங்கள் பாக்கி. ஊர் சிங்கிடா. தலைநகர் டொடோமாவுக்கு வடமேற்கே இருக்கிறது. மழை குறைவு. பெரிய பெரிய பாறைகள், சூரியகாந்திக் காடுகள். கரூர் பக்கம் பிறந்த எனக்கு இந்த வெயில் புதிதில்லை.

அரசு செகண்டரி பள்ளியில் கணக்கு டீச்சர். சம்பளம் கிடையாது. தங்க வீடு, செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகை, அவ்வளவுதான்.

முதல் சில மாதங்கள் எல்லாமே வேடிக்கையாக இருந்தது. உகாலி என்பது மக்காச்சோள மாவில் கிண்டும் களி. தொட்டுக்கொள்ளக் கீரை. சப்பாத்திக்கு இங்கேயும் சப்பாத்தி என்றுதான் பெயர். பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகாமூ' என்று வணங்க வேண்டும். அவர்கள் 'மராஹபா' என்று ஏற்றுக்கொள்வார்கள். காலை ஏழு மணியை 'மணி ஒன்று' என்கிறார்கள். சூரியன் உதித்ததிலிருந்து கணக்கு. நாழிகை பார்த்து வாழ்ந்த நம் பாட்டிகளுக்கு இது உடனே புரிந்திருக்கும்.

பத்தாவது மாதத்தில் வேடிக்கை தீர்ந்துபோனது. வருகிறவருக்கு வரவேற்பு உண்டு, போகிறவருக்கு விருந்து உண்டு. நடுவில் இருப்பவருக்குத் திருத்த வேண்டிய நோட்டுகள் மட்டும்தான். தங்கையின் வளைகாப்பை செல்போன் திரையில் பார்த்தேன். பிறந்த குழந்தையையும் அப்படித்தான். அன்று அம்மா கேட்டார்: "ஏன் கண்ணு, நம்மூர்ல பள்ளிக்கூடமே இல்லையா? அங்க போய்த்தான் சொல்லிக் குடுக்கணுமா?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இரவெல்லாம் யோசித்தேன்.

என் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் பேசுவது ந்யாதுரு மொழி. தொடக்கப்பள்ளியில் ஏழு ஆண்டுகள் எல்லாப் பாடமும் சுவாஹிலி. செகண்டரியில் காலடி வைத்ததும் எல்லாம் ஆங்கிலம்! சந்தையில் அம்மாவின் தக்காளிக் கடையில் மனக்கணக்காகவே மீதிச் சில்லறை கொடுக்கும் பெண், வகுப்பில் ஆங்கிலக் கேள்வியைப் பார்த்ததும் ஊமையாகிவிடுகிறாள். இரண்டாம் ஆண்டு முடிவில் அரசுத் தேர்வு. தேறாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். அந்த வருடத்தோடு படிப்பே நின்றுவிடும் என்ற பயம் பெண் பிள்ளைகளுக்கு அதிகம்.

அந்த மௌனம் எனக்குத் தெரியும். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்துவிட்டு, கல்லூரியில் கடைசி பெஞ்சில் ஓர் ஆண்டு முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான். அம்மாவுக்கான பதில் அதுதான். மறுநாளே போனில் சொன்னேன்.

எங்கள் பள்ளியில் இன்னொரு கணக்கு ஆசிரியர் இருக்கிறார். இந்த ஊர்க்காரர், இளைஞர். இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டோம். புதுப் பாடம் என்றால் முதலில் அவர் சுவாஹிலியில் விளக்குவார். பிறகு அதையே நான் எளிய ஆங்கிலத்தில் சொல்வேன். ஒவ்வொரு கணக்குச் சொல்லையும் இரண்டு மொழியிலும் பிள்ளைகளே ஒரு நோட்டில் எழுதுவார்கள். இந்த நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேவும் ஆசிரியர்தான். 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர் என்றுதான் இன்றும் அவரை அழைக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தையே சுவாஹிலிக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்த மொழியில் அல்ஜீப்ரா சொல்ல முடியாதா என்ன!

போன மாதம் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டேன். திரும்பிப் போனால், ஜன்னல் வழியே ஒரு காட்சி. அந்த ஊமைப் பெண் கரும்பலகை முன் நின்று, நோட்டைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் கணக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர் கடைசி பெஞ்சில். நான் இல்லாமலே வகுப்பு நடக்கிறது! ஒரு நொடி மனசு சுருக்கென்றது. அடுத்த நொடியே, இதற்காகத்தானே வந்தோம் என்று தோன்றியது.

மிச்சமுள்ள மாதங்களுக்கு எனக்கு இப்போது ஒரே வேலை. நான் கிளம்பிய பிறகும் அந்த நோட்டு அடுத்த வகுப்புக்குப் போக வேண்டும். அதனால் புதுப் பாடங்களை இனி அந்த ஆசிரியரும் பிள்ளைகளும் தயார் செய்கிறார்கள். நான் உடன் உட்கார்ந்து பார்த்துக்கொடுக்கிறேன்.

சுவாஹிலியில் 'பாடோ' என்று ஒரு சொல் உண்டு. 'இன்னும் இல்லை' என்று அர்த்தம். "கல்யாணம் ஆச்சா?" என்று யாராவது கேட்டால் இங்கே 'இல்லை' என்று சொல்லக் கூடாதாம், 'பாடோ' என்றுதான் சொல்ல வேண்டுமாம். பிள்ளைகளிடம் "கணக்கு புரிந்ததா?" என்று கேட்டாலும் அதே பதில். முன்பெல்லாம் அதைக் கேட்டால் சோர்ந்துபோவேன். இப்போது சாக்பீஸை எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவும் மாறிவிட்டார். எப்போது வருவாய் என்று கேட்பதில்லை. "அந்தப் புள்ளைங்களுக்குப் பரீட்சை எப்போ கண்ணு?" என்றுதான் கேட்கிறார்.