அப்பா பெயர் என்ன?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் பாருங்கள். மேய்கிற பசுக்களில் பாதிக்கு மேல் செவலை நிற ஜெர்சி கலப்பு. மாட்டுக்காரரிடம் 'எத்தனை லிட்டர் கறக்குது?' என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். 'இதோட அப்பன் யாரு?' என்று கேட்டதற்கு, புவனகிரி பக்கம் ஒருத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டதுதான் சார்" என்றார்.

ஊசி என்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சி. உள்ளே காளையின் உறைவிந்து, மைனஸ் 196 டிகிரியில். அந்தக் காலத்துக் கோயில் காளையும் உறவுமுறை பார்த்திருக்காது. ஆனால் அதன் ஆட்டம் ரெண்டு மூணு ஊரோடு சரி, அப்புறம் கிழடாகிவிடும். குச்சிக் காளைக்கு மூப்பும் கிடையாது, சாவும் கிடையாது. இரண்டு, இரண்டரை வருஷத்தில் கிடேரி பருவத்துக்கு வரும்போது, அதே குச்சி மாப்பிள்ளையாக வந்து நிற்கலாம்.

அப்பன் - மகள் வழிக் கன்றுக்கு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க 25 சதவிகித வாய்ப்பு. (நம் வீடுகளின் மாமன் - அக்கா மகள் கல்யாணத்தில் 12.5. உறவினர்கள் மன்னிக்க.) ஒற்றையாக இருக்கும்வரை சாதுவாகக் கிடக்கும் குறை, இரட்டையானால்தான் வேலையைக் காட்டும்.

1962-ல் அமெரிக்காவில் 'சீஃப்' என்றொரு ஹோல்ஸ்டீன் காளை பிறந்தது. மகள்கள் 16 ஆயிரம், பேத்திகள் 5 லட்சம். பால் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கூடவே, இரட்டையானால் கருவைக் கலைத்துவிடும் ஒரு மரபணுக் குறையும் பரவியது. 2016-ல் விஞ்ஞானிகள் போட்ட கணக்கு: 35 வருஷத்தில் சுமார் 5.25 லட்சம் கருக்கள் காலி, நஷ்டம் 42 கோடி டாலர். கூடுதல் பாலால் லாபம் 3,000 கோடி டாலர்.

பி.காம். மூளை 'பிரமாதம்' என்கிறது. ஆனால், லாபம் உலகத்தின் பேரேட்டில். நஷ்டமோ ஏதோ ஒரு கொட்டகையில். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு சினை கலைந்தால், அத்தனை மாதப் பாலும் போச்சு, தீவனச் செலவு மட்டும் நிற்காது. 'இந்த மாட்டுக்கு சினை தங்கல' என்று பழியும் மாட்டின் மேல்தான்.

ஹோல்ஸ்டீனோடு போகவில்லை. ஜெர்சியிலும் இப்படிக் கருவைக் கலைக்கும் ஒரு குறை உண்டு. அதன் மூலவர் 'அப்சர்வர் சாக்லேட் சோல்ஜர்' என்ற காளை. அதுவும் 1962-ல் பிறந்ததுதான்!

உங்கள் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஊரில் மாடு வைத்திருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது ஒன்று சொல்லுங்கள். மாட்டின் காதில் மஞ்சள் தோடு மாட்டி 12 இலக்க எண் கொடுத்திருக்கிறார்கள், அது மாட்டின் எண். காளையின் எண் குச்சியின் மேலேயே அச்சாகியிருக்கும். ஊசி போட்டதும் குச்சியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதற்குள் அந்த எண்ணைக் கேட்டு, கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைத்தால்கூடப் போதும்.